காலண்டர் படம் வந்த வழி

ஆடிப்பெருக்கில் சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பம் வெளியாகும். பிறகு ஏஜெண்டுகள் செஞ்சிக்கும் வருவார்கள். லட்சுமியா, முருகனா என்று புரட்டி நம்பரைச் சொல்லிவிடுகிறோம். அப்படங்களின் பூர்வீகம் பலருக்குத் தெரியாது.

சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு (1898–1976), நம் பக்கத்துத் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர். பின்பு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப்போய், கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் சீடர்களோடு சாமி படங்கள் எழுதினார். அருகிலேயே சிவகாசி அச்சகங்கள். ஒரே மூலப்படம் ஆயிரக்கணக்கில் அச்சாகும். அடியில் விட்ட இடத்தில் அந்தந்தக் கடையின் பெயர் ஏறும். ஓவியருக்குக் கூலி கொடுக்க வசதியில்லாத மளிகைக் கடைக்கும் இப்படித்தான் நல்ல படம் கிடைத்தது.

வருஷம் முடிந்தாலும் ஜனங்கள் சாமி படத்தை எறிவதில்லை. கண்ணாடி போட்டு மாட்டுகிறார்கள், சில வீடுகளில் கடைப் பெயரோடு. விலையை மட்டும் பார்க்கிறோமே, முகத்தையும் பார்க்கவேண்டும். கலர் விலகிக் கண் கலங்கிய லட்சுமியை எவர் வீட்டில் மாட்டுவார்கள்?