நீரும் பல்லும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களுள் ஒன்று நந்திதுர்க். அங்குத் தொழில் நாடித் தமிழர் பலர் குடியேறினர். மழை குறைந்த கோலார் மாவட்டத்தில் மக்கள் ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழ்கின்றனர். அவற்றுட் பலவற்றின் நீரில், பாறைகளிலிருந்து கரைந்த புளோரைடு மிகுந்துள்ளது.

சிறிதளவு புளோரைடு பல்லைக் காக்கும். இந்தியத் தர அளவின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது. மிகுந்தால், ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே குழந்தைகளின் பற்கள் பாதிக்கப்படும். முளைத்தபின் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். அக்கறை துலக்கினாலும் நீங்காது.

நீரைக் காய்ச்சினால் கிருமிகள் அழியும், புளோரைடு அகலாது. ஆதலின், தெளிந்த நீராயினும் சோதித்தறிந்தே பருகுதல் வேண்டும். மழைநீரைச் சேமித்துத் தூய்மைப்படுத்திப் பருகுதலும் நன்று. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது இதற்கும் பொருந்தும்.