குடோனுக்கு மேல் குடியிருப்போர் கவனத்திற்கு

நம் வணிகர்களில் பலருக்குக் கீழே கடை, பின்னால் குடோன், மாடியில் வீடு. வியாபாரத்துக்கு இது வசதிதான். ஆனால் கீழே தேங்கும் காற்றைத்தான் மேலே பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

எங்கள் குடோனில் மிளகாய் வற்றல் மூட்டைகள் அதிகம். எலிக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, நெடி போக 12 அங்குல எக்சாஸ்ட் ஃபேன் ஒன்றை மாட்டினேன். ஃபேன் சுற்றியது, நெடி போகவில்லை. இரவில் அதை நிறுத்தியதும் தேங்கிய நெடி படிக்கட்டு வழியே மாடிக்கு ஏறியது. பேத்திக்கு இளைப்பு வந்து இரண்டு முறை நள்ளிரவில் டாக்டரிடம் ஓடினோம். பிறகுதான் பழைய கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். "அண்ணாச்சி, போக வழி வச்சீங்க, வர வழி எங்கே?" என்றார்.

வெளியே போகும் அளவுக்கு உள்ளே காற்று வந்தாக வேண்டும். வழியில்லாவிட்டால் ஃபேன் வெறுமனே சுற்றும். அல்லது சாக்கடைத் துளை, கழிவறைக் குழாய் என்று அகப்பட்ட சந்திலிருந்து நாற்றத்தை இழுக்கும்.

12 அங்குல வட்டத் துளையின் பரப்பு சுமார் 113 சதுர அங்குலம். கம்பி வலை பாதியை மறைக்கும் என்று வைத்துக்கொண்டு, காற்று வரும் துளையை 12க்கு 18 அங்குலமாக வையுங்கள். ஃபேன் மேலே கூரையை ஒட்டி இருக்கட்டும். வரும் துளை எதிர்ச்சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே சுவரில் அருகருகே இருந்தால் போன காற்றே திரும்பி வரும். துளையின் அடிப்பாகம் வெளிப்புறம் சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே வராது. மேலே தகர மூடி அவசியம். வலைக்கண் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சுண்டெலி சிறு இடைவெளியிலும் நுழைந்துவிடும். அந்த வலையில் தூசி அடையும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். துளைக்கு முன்னால் மூட்டை அடுக்கக் கூடாது. இதை நம் கடைப் பையன்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது!

ஜெனரேட்டர் இருக்கும் பக்கம் காற்று வரும் துளையை வைக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளைக் கொல்லும். அதேபோல் ஃபேன் தள்ளும் நெடி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகாதபடி பாருங்கள்.

இன்னொன்று முக்கியம். ஃபேன் இருக்கிறதே என்ற தைரியத்தில் மூட்டைகளுக்கு வண்டு மாத்திரை வைக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பைன் வாயு சுவர் வெடிப்பு, மின்குழாய் வழியாகவும் மாடிக்கு ஏறும். மேலே ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் அதற்கு இடமே இல்லை. உரிமம் பெற்றவர்களை அழைத்து, சரக்கை வேறிடத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கீழ்த்துளை அருகே பிடியுங்கள். புகை உள்நோக்கி நகர்ந்தால் சரி. பிறகு படிக்கட்டுக் கதவருகே பிடியுங்கள். அங்கே புகை மாடிப்பக்கம் போகக் கூடாது. எங்கள் வீட்டில் முதலில் போனது. கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்த பிறகே நின்றது.

அடைமழை நாட்களில் மட்டும் கீழ்த்துளையைப் பலகையால் மூடி, ஃபேனையும் நிறுத்திவிடுகிறோம். ஈரக்காற்று வந்தால் சர்க்கரையும் உப்பும் கசியும், வற்றலில் பூஞ்சை பிடிக்கும். வெயில் அடித்ததும் திறந்துவிடுவோம்.