ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலும் படிப்பிக்கிற இளம் விரிவுரையாளர்கள் பலர், பகலில் வகுப்பு, பின்னேரம் பிள்ளைகள் என்று போய், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆய்வு முன்மொழிவு எழுத உட்காருகிறார்கள். இக்குறிப்புகள் அவர்களுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும்.

1. அழைப்பை முதலில் கடைசி வரி வரை வாசியுங்கள். தேசிய விஞ்ஞான மன்றம் கேட்பது ஒன்று, தேசிய ஆராய்ச்சிப் பேரவை கேட்பது இன்னொன்று, பல்கலைக்கழகத்தின் உள்ளக மானியம் கேட்பது வேறொன்று. ஒருவருக்கு எழுதியதைத் தலைப்பு மட்டும் மாற்றி மற்றவருக்கு அனுப்பினால், மீளாய்வாளர் முதற் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

2. தலைப்போடு நிற்காமல் கேள்வியை எழுதுங்கள். அதிகம் பேர் தோற்பது இங்கேதான். ‘யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் மாசு’ என்பது கேள்வி அல்ல. நம் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை மீறி இருப்பதை 1980களிலேயே அளந்து எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். திரும்பவும் அளக்கப் போகிறேன் என்பவருக்கு யார் காசு தருவார்? வெங்காயத் தறைக்குப் போட்ட யூரியா எத்தனை நாளில் பக்கத்துக் கிணற்றுக்கு வருகிறது? பசளையைப் பிரித்துப் பிரித்துப் போட்டால் அது எவ்வளவு குறையும்? கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் எந்த மாதத்துத் தண்ணீரைக் கொடுக்கக் கூடாது? இவைதான் கேள்விகள். நைத்திரேற்று கூடிய தண்ணீர் குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைக் குறைக்கும் என்று ஒரு வரி சேர்த்தால், ஏன் இப்போதே இந்த ஆய்வு வேண்டும் என்பதும் சொல்லப்பட்டுவிடும்.

3. உங்கள் முன்மொழிவை வாசிப்பவர் பேராதனையிலோ மாத்தறையிலோ நோர்வேயிலோ இருக்கலாம். நம் கிணற்றை அவர் கண்டதில்லை. வற்றாத ஆறு இங்கே இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி உவர்நீரின் மேல் மிதக்கிறது, நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி ஏறக்கூடும் என்று மூன்று வரியில் சொல்லுங்கள். கூடவே ஒரு வரைபடம் போதும்.

தொலைவில் உள்ளவருக்கு எழுதி நிதி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1823 இல் வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரி அமைக்க அமெரிக்க மிசன்காரர் திட்ட அறிக்கை ஒன்றை அச்சிட்டு வெளிநாடுகளிலும் நன்கொடை திரட்டினார்கள். மிசன் விடுதிப் பிள்ளைகளுக்குச் செலவு கொடுத்த அமெரிக்கர்கள் தங்களுக்கு வேண்டிய பெயரை அந்தப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். பிள்ளையின் சொந்தப் பெயரை மாற்றிய அந்த வழக்கம் எனக்கு உவப்பில்லை. ஆனால் கொடுத்த காசு யாரிடம் போகிறது என்று கொடுப்பவர் கண்ணால் காண விரும்புவார் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் முன்மொழிவிலும் அந்த ஆள் தெரிய வேண்டும்: எந்த ஊர்க் கமக்காரர், எந்த வீட்டுத் தாய்.

4. வேலைத் திட்டத்தை மழையைப் பார்த்துப் போடுங்கள். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டிய ஆய்வுக்கு நிதி தை மாதம் கைக்கு வந்தால், முழுப் பருவம் ஒன்று போய்விடும். முதல் மூன்று மாதத்தைக் கொள்வனவுக்கும் ஆள் சேர்ப்புக்கும் ஒதுக்குங்கள். நெல் அறுவடை நடக்கும்போதும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் கமக்காரர் கூட்டம் வைக்க வேண்டாம்.

5. பாதீட்டில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதுங்கள். இரசாயனங்கள் பெரும்பாலும் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அன்று கையில் இருந்த பழைய விலைமனுக்கள் வெறும் கடதாசியாகிவிட்டன. ஆகவே புதிய விலைமனு எடுங்கள், அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்று பாருங்கள், விலை ஏறினால் எந்த வேலையைச் சுருக்குவீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். செலவைக் குறைத்துக் காட்டினால் நிதி கிடைக்கும் என்று நம்பி, உதவியாளருக்கு வாழ முடியாத சம்பளம் போடாதீர்கள். இடையில் அவர் விட்டுப் போனால் ஆய்வே நின்றுவிடும்.

6. இல்லாத கருவியை இருப்பதாக எழுத வேண்டாம். யாரிடம் இருக்கிறது என்று தேடி, பாவிக்க அனுமதிக் கடிதம் வாங்கி இணையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையினர் மேற்கு நோர்வேப் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தூய சக்திக்கான நனோ பொருள்கள் பற்றிய ஆய்வை நோர்வே நிதியில் நடத்தியிருக்கிறார்கள். கருவி, பயிற்சி, மாணவர் பரிமாற்றம் எல்லாவற்றுக்கும் அப்படியான கூட்டு வழி திறக்கும். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பனையைப் பற்றி எழுதுகிறவர் அங்கே ஒருமுறை போய்ப் பேசாமல் எழுதக் கூடாது.

7. மின்சாரம் நின்றால் என்ன செய்வீர்கள் என்று, குளிரூட்டி, மின்பிறப்பாக்கி பற்றி ஒரு பந்தி எழுதுங்கள். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எந்த மீளாய்வாளரும் மறந்திருக்க மாட்டார்.

8. முடிவை யாருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதுதான் அந்த ஊர்ச் சனங்கள் கேட்ட கேள்வி. போத்தலில் நீர் எடுத்துப் போகிறவர் திரும்பி வந்து முடிவைத் தமிழில் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான அச்சுச் செலவையும் விவசாயப் போதனாசிரியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூட்டத்துக்கான செலவையும் பாதீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். முடிவை ஊருக்குத் திரும்பச் சொல்வதை நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன்.

9. மனிதரிடம் இரத்தமோ தகவலோ எடுக்கும் ஆய்வென்றால் ஒழுக்கநெறிக் குழு எப்போது கூடும் என்று முதலே விசாரியுங்கள்.

10. ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கத்தை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அம்மாவோ துணையோ “அதாலை எங்களுக்கு என்ன?” என்று கேட்கிற இடத்தைக் குறித்து வைத்து, அந்தப் பந்தியைத் திருத்துங்கள். வீட்டிலுள்ளவர்களே, கடைசி இரண்டு கிழமைக்குச் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். வீட்டில் ஆய்வாளர் மனைவி என்றால், அந்த நாட்களில் சமையலை மற்றவர்கள் பொறுப்பெடுங்கள்.

11. மூத்தவர்களே, நிதி கிடைத்த உங்கள் முன்மொழிவை மட்டுமல்ல, கிடைக்காததையும் இளையவர்களுக்கு வாசிக்கக் கொடுங்கள். எந்தத் துறையிலும் ஓர் அலுமாரித் தட்டு இதற்குப் போதும். போரும் இடப்பெயர்வும் பல துறைகளில் அந்தக் கைமாற்றத்தை அறுத்துவிட்டன.

12. பீடாதிபதி, நிதியாளர் கையொப்பங்களுக்கு ஒரு கிழமை ஒதுக்குங்கள். இறுதித் திகதிக்கு இரண்டு நாள் முன்னரே பதிவேற்றுங்கள்.

13. கிடைக்கவில்லையா? மீளாய்வாளரின் கருத்துகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கிழமை கழித்துத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் பதிலை எழுதுங்கள். மூன்று பேரில் இருவர் ஒரே இடத்தைக் குறை சொல்லியிருந்தால் அங்கிருந்து திருத்தத் தொடங்கி, அடுத்த அழைப்புக்கு அனுப்புங்கள்.