மலைமேல் இருந்த இன்னொரு வீடு

அன்புப் பேத்திக்கு,

போடி சார்பதிவாளர் ஆபீசில் நகல் வாங்கிய 1951-ஆம் வருசத்துத் தான செட்டில்மென்ட் பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். உன் பாட்டியைப் பெற்றவர், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கும் அவளுடைய ஏழு வயசு மகனுக்கும் சிலமலையில் புஞ்சை எழுதி வைத்திருக்கிறார். "அப்ப அந்தப் பையன் முறையில்லாமப் பிறந்தவரா தாத்தா?" என்று கேட்டிருக்கிறாய். வம்சாவளி நோட்டில் அந்தச் சொல்லை எழுதிவிடாதே. ஒருமுறை எழுதிவிட்டால் அழிப்பது பெரும்பாடு.

முதலில் வருசத்தைப் பார். 1951-ல் பையனுக்கு ஏழு வயசு என்றால் அந்தக் குடும்பம் 1944-லோ அதற்கு முன்னாலோ தொடங்கியது. சென்னை மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாம் தாரம் கட்டுவதைத் தடுத்த சட்டமே 1949-ல்தான் வந்தது. அதற்கு முன் தாலி கட்டியிருந்தால் அந்தக் கல்யாணம் செல்லும். பையன் முழு வாரிசு. உன் பாட்டியின் அம்மாவுக்கு அது நியாயமா என்பது வேறு கேள்வி. அந்த அம்மா பட்ட பாட்டையும் நோட்டில் எழுத வேண்டும்.

தாலியே கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் காலத்துச் சட்டம் பிள்ளையை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. சூத்திரர் என்று நீதிமன்றங்கள் வகைப்படுத்திய சாதிகளில், நிலையாகச் சேர்ந்து வாழ்ந்த பெண்ணின் மகனுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு இருந்தது. மதராஸிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன காமுலம்மாள் – விசுவநாதசாமி நாயக்கர் வழக்கில், 1923-ல், ஆண் வாரிசு இல்லாமல் இறந்தவருடைய அப்படிப்பட்ட மகனுக்கு விதவையோடு சரிபாதி கிடைத்தது.

சட்டம் எப்படிப் புரண்டு படுக்கும் என்பதற்குச் சுயமரியாதைத் திருமணத்தை விடப் பெரிய சாட்சி இல்லை. 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்த கல்யாணத்துக்குப் பிறகு, ஐயரும் அக்கினியும் இல்லாமல் எத்தனையோ பேர் மாலை மாற்றிக்கொண்டார்கள். 1953-ல் தெய்வானை ஆச்சி – சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்றது. ஊரறிய, உறவறிய மணந்தவர்களின் பிள்ளைகள் காகிதத்தில் தகப்பன் பேர் இழக்கும் நிலை. பிறகு 1967-ல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. முன்பு நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. அதே ஆணும் அதே பெண்ணும்தான். இடையில் அவர்கள் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை.

அந்த மலைக்காரப் பெண்ணுக்கு முன்பே ஒரு புருசன் இருந்திருந்தாலும் அவசரப்படாதே. நம் பக்கத்தில் பஞ்சாயத்துக் கூட்டி அத்துவிட்டு, மறுபடி கட்டிக்கொடுப்பது பல சாதிகளில் வழக்கம். அதற்கு ரசீது கிடையாது. 1955-ஆம் வருச இந்துத் திருமணச் சட்டமும் அந்த வழக்கப்படி நடந்த விவாகரத்தை 29-ஆம் பிரிவில் ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே ஆபீஸ் காகிதத்தோடு நிற்காதே. பழைய மொய் நோட்டுகளைப் புரட்டு. உன் பாட்டி கல்யாணத்தில் அந்த மகன் பேரில் செய்முறை வந்ததா பார். குலசாமி கோயிலில் தலைக்கட்டு வரி யார் யார் கொடுத்தார்கள் என்று கேள். பெரியவர் இறந்தபோது கொள்ளி வைத்தவர் யார், நீர்மாலைக்கு யார் போனார்கள் என்பது உன் பாட்டிக்குத் தெரியும். ஒருவரைப் பங்காளியாக ஊர் ஏற்றுக்கொண்டதா என்பது அங்கேதான் தெரியும். பையனின் பிறப்புப் பதிவு போடியில் கிடைக்காமல் போகலாம். மேலே இருப்பது அன்றைய திருவிதாங்கூர், 1956-லிருந்து கேரளம். தேவிகுளம், உடும்பன்சோலைப் பக்கம் மலையாளத்தில் எழுதிய ஏடுகளைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு விசயத்தில் மட்டும் தாத்தா கண்டிப்பாகச் சொல்வது: பத்திரத்தின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதே. மேலே அந்த மகனுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் தங்கள் அப்பத்தாவின் கதையை அந்நியர் வாயால் கேட்கக் கூடாது. சொத்துப் பேச்சும் கூடவே வரும். செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோர் சொத்தில் உரிமை உண்டு, கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்குச் சேர வேண்டிய பங்கும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் சொல்லியிருக்கிறது. இங்கே சிலர் அதற்குப் பயந்தே அந்தப் பேர்களை மறைக்கச் சொல்வார்கள். நீ மறைக்காதே.

பத்திரத்தில் அந்த அம்மாவின் பேர் தெளிவாக இருக்கிறது. மகனையும் "என் மைனர் குமாரன்" என்றே பெரியவர் எழுதியிருக்கிறார். தன் மகன் என்று அவரே கையெழுத்துப் போட்ட பிறகு, மூன்று தலைமுறை தாண்டி வேறு பட்டம் கொடுக்க நமக்கு என்ன பாத்தியதை? வம்சாவளியில் உன் பாட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தம்பியின் பேரைப் போடு. ஆனால் அதற்கு முன் பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து பேசு. அழுதால் நிறுத்திவிடு, இன்னொரு நாள் கேட்கலாம்.

அன்புடன்,
தாத்தா
சிலமலை