ஒரு துளி நீரில் எத்தனை மூலக்கூறுகள்?

வளையலை டஜன் கணக்கிலும் தாளைக் குயர் கணக்கிலும் வாங்குகிறோம். வேதியியலிலும் அப்படியொரு கணக்கு உண்டு. அதன் பெயர் மோல். ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் தேங்காயும் எண்ணிக்கையில் ஒன்றே, எடையில்தான் வேறு. அதுபோல ஒரு மோல் நீரின் எடை 18 கிராம். ஒரு மோல் சர்க்கரையின் எடை 342 கிராம். இரண்டிலும் மூலக்கூறுகள் 6.022 × 10²³.

இதனை அவகாட்ரோ எண் என்கிறோம். ஆயினும் இதைக் கண்டு சொன்னவர் அவகாட்ரோ அல்லர்! ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று 1811-இல் அந்த இத்தாலிய அறிஞர் கூறினார்; எத்தனை என்று கூறவில்லை. 1856-இல் அவர் மறைந்தார். இவ்வெண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ழான் பெரின், 1909-இல்.

இனி நம் துளிக்கு வருவோம். இருபது துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால் ஒரு துளியின் எடை 0.05 கிராம். அதை 18 ஆல் வகுத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 1.67 × 10²¹ வரும். எவ்வளவு பெரியது இது? உலக மக்கள் 800 கோடிப் பேருக்கும் இத்துளியைப் பங்கிட்டால் தலைக்கு இருபதாயிரம் கோடி மூலக்கூறுகளுக்கு மேல் கிடைக்கும். நொடிக்கு ஒன்றாக இரவு பகல் ஓயாமல் எண்ணினாலும், ஒருவர் தம் பங்கை எண்ணி முடிக்க ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

கணக்கு எளிதே. மாணவியர் பலர் இடறி விழுவது வேறிடத்தில். 8 கிராம் ஆக்சிஜனில் எத்தனை மூலக்கூறுகள் என்றால் உடனே 16 ஆல் வகுத்துவிடுகிறார்கள். 16 என்பது அணுவின் எடை. மூலக்கூறில் அணுக்கள் இரண்டு. எனவே 32 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது கால் மோல், அதாவது 1.5055 × 10²³ மூலக்கூறுகள். அணுக்களைக் கேட்டால் அதைப்போல் இரு மடங்கு.

சமையல் உப்பு இன்னும் பொல்லாதது! 5.85 கிராம் உப்பில் 6.022 × 10²² சோடியம் அயனிகளும் அதே அளவு குளோரைடு அயனிகளும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இது இதற்குச் சோடி என்று தனித்துப் பிரிக்க இயலாது. ஆகவே உப்புப் படிகத்தில் மூலக்கூறு என்று ஒன்றுகூட இல்லை.

சர்க்கரையில் உண்டு. தேநீரில் இடும் 5 கிராம் சர்க்கரைக்கு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 8.8 × 10²¹ வந்தால் சரி. ஒவ்வொரு மூலக்கூறிலும் கார்பன் அணுக்கள் 12. அவற்றின் மொத்த எண்ணிக்கையையும் கண்டுபிடியுங்கள்.