அம்மை குத்திய கைகள்

நுழையும்முன்
மருந்து எது, நம்பிக்கை எது என்று இன்று நாம் பிரித்துப் பேசுகிறோம். பழங்கால மருத்துவர்களின் கையில் அவை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பெரியம்மை என்னும் ஒரே கொடுநோயைப் பல நாட்டு மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இப்பாடம் கூறுகிறது.

வந்தவளை வழியனுப்புதல்

வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கும். வெளியார் உள்ளே வருவதில்லை. அடுக்களையில் தாளிக்கும் ஓசை கேட்பதில்லை. நோயாளிக்கு வேப்பிலைப் படுக்கையும் இளநீரும் மோரும் உண்டு. கொப்புளங்கள் வாடியபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவர். 'அம்மா வந்திருக்கிறாள்', 'அம்மா இறங்கிவிட்டாள்' என்றே பேச்சு நடக்கும். இன்று இவை சின்னம்மைக்கு உரியனவாக எஞ்சியுள்ளன. ஆனால் இவ்வழக்கங்களின் பின்னே நின்ற பேரச்சம் பெரியம்மை தந்தது. அந்நோய் கண்டவர்களுள் பத்துக்கு மூவர் அளவில் மாண்டனர். பிழைத்தவர் பலர் தழும்பேறிய முகத்தோடும், சிலர் பார்வை இழந்தும் வாழ்ந்தனர்.

வெளியார் வராத வீடு நோய் பரவுவதை ஓரளவு குறைத்திருக்கும். அதைக் கொண்டு நம் முன்னோர் நுண்ணுயிரியல் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் மிகை. அவர்கள் அறிந்திருந்தது வேறொன்று. நோயாளியைத் தனியே கிடத்தி, உடலைக் குளிர்வித்து, கடுஞ்சொல் சொல்லாது காத்தனர். குணப்படுத்தும் மருந்தே இல்லாத நோய்க்கு அந்தப் பேணுதலே மருத்துவமாக அமைந்தது.

நோயை வருகையாளராகக் கருதியவர் தமிழர் மட்டுமல்லர். கொரிய மக்கள் பெரியம்மையைச் 'சோன்னிம்' என்றனர். அச்சொல்லுக்கு மதிப்பிற்குரிய விருந்தினர் என்று பொருள். அரச குடும்பத்தினரைக் குறிக்கும் 'மாமா' என்ற சொல்லாலும் அழைத்தனர். வங்கத்தில் காய்ச்சல் கொதிக்கும் இந்நோயின் தெய்வத்துக்குச் சீதளா, அதாவது குளிர்ச்சியானவள் என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் சொபொனா என்னும் தெய்வத்தின் பெயரை உரக்கச் சொல்லவும் அஞ்சினர். விரட்ட இயலாத ஒன்றை மரியாதையோடு வழியனுப்ப விரும்பிய மனம் இங்கெல்லாம் தெரிகிறது. நம்பிக்கை நாட்டுக்கு நாடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு மற்றொரு சான்று சிவப்பு நிறம். சப்பானியர் அம்மை கண்ட குழந்தைக்குச் சிவப்பு ஆடை உடுத்தினர். 14 ஆம் நூற்றாண்டில் கேடசுடன் ஊர் சான் என்னும் ஆங்கில மருத்துவரும் அரசனின் மகனைச் சிவப்புத் துணியால் சூழ வைத்ததாக எழுதியுள்ளார்.

நோயைக் கொண்டே நோயைத் தடுத்தல்

ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அது மீண்டும் வருவதில்லை. இதனைக் கவனித்த மக்கள் துணிவான ஒரு முடிவுக்கு வந்தனர். நோய் தானாக வருமுன் அதைச் சிறிதளவில் நாமே வரவழைத்துக்கொண்டால் என்ன? சீன மருத்துவர்கள் காய்ந்த அம்மைப் பொருக்குகளைச் சில காலம் வைத்திருந்து, பொடியாக்கிக் குழல் வழியாக மூக்கில் ஊதினர். சிறுவயதில் பெரியம்மை கண்டு பிழைத்த காங்சி பேரரசர் இம்முறையைத் தம் குடும்பத்தாருக்கும் படையினருக்கும் செய்வித்தார்.

வங்கத்தில் இதைத் தொழிலாகக் கொண்டவர்கள் டீக்காதார் எனப்பட்டனர். அங்கே பணியாற்றிய ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் அவர்களது முறையை 1767இல் விரிவாக எழுதினார். நோய்க்காலம் தொடங்குமுன் அவர்கள் ஊர் ஊராக வருவர். கையைத் துணியால் தேய்த்து, சிறு கீறல்கள் இட்டு, அம்மைச் சீழில் தோய்ந்த பஞ்சைக் கங்கை நீரில் நனைத்து அதன்மேல் வைப்பர். வழிபாட்டு மந்திரங்கள் ஓதப்படும். மீனும் பாலும் நெய்யும் ஒரு மாதம் விலக்கப்படும். இவற்றுள் நம் கவனத்துக்குரியது பஞ்சில் தோய்ந்த அந்தச் சீழே. அது முந்தைய ஆண்டு அம்மை குத்தப்பட்டவர்களிடமிருந்து எடுத்து வைத்தது. புதிய சீழையோ, இயல்பாக நோய் கண்டவரின் சீழையோ அவர்கள் பயன்படுத்துவதில்லை. பழையது வீரியம் குறைந்தது என்னும் அறிவு அவர்களது பட்டறிவில் விளைந்தது. கங்கை நீருக்கும் மந்திரத்துக்கும் நடுவே அந்த அறிவு இருந்தது.

துருக்கியில் இப்பணியை முதிய பெண்கள் செய்தனர். ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு பெரியம்மைக்குத் தம் உடன்பிறந்தானைப் பறிகொடுத்தவர்; தாமும் அதனால் முகத் தழும்பு பெற்றவர். வெயில் தணியும் காலத்தில் கொட்டை ஓட்டில் சீழை எடுத்துக்கொண்டு மூதாட்டிகள் வருவதை 1717இல் ஒரு கடிதத்தில் அவர் விவரித்தார். கிரேக்கப் பெண்கள் நெற்றியிலும் கைகளிலும் மார்பிலும் சிலுவைக்குறி அமையுமாறு குத்திக்கொள்வதையும் குறித்துள்ளார். மறு ஆண்டு தம் மகனுக்கு ஒரு கிரேக்க மூதாட்டியைக் கொண்டே அம்மை குத்துவித்தார்.

ஓர் அடிமையின் சான்று

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காட்டன் மேதர் என்னும் சமயபோதகர் இருந்தார். அவரது சபையினர் 1706இல் ஆப்பிரிக்க அடிமை ஒருவரை அவருக்கு அன்பளிப்பாகத் தந்தனர். மனிதரையும் அன்பளிப்பாகத் தந்த காலம் அது. மேதர் அவருக்கு விவிலியத்தில் வரும் ஓர் அடிமையின் பெயரான ஒனேசிமு என்பதைச் சூட்டினார். தாய் தந்தையர் இட்ட பெயர் எங்கும் பதிவாகவில்லை. உனக்குப் பெரியம்மை வந்ததுண்டா என்று மேதர் கேட்டபோது, வந்ததென்றும் வரவில்லையென்றும் இரண்டையும் சேர்த்து அவர் விடை சொன்னார். தம் நாட்டில் அம்மை குத்துவதை விளக்கி, கையிலிருந்த தழும்பையும் காட்டினார். மேதர் நகரிலிருந்த பிற ஆப்பிரிக்கர்களிடமும் விசாரித்தார். அனைவரும் ஒன்றே கூறினர்.

1721இல் கப்பல் வழியே பெரியம்மை பாஸ்டனுக்குள் புகுந்தது. மேதரின் வேண்டுகோளை ஏற்ற மருத்துவர் ஒருவரே. அவர் பெயர் பாயில்ஸ்டன். அவர் தம் ஆறு வயது மகனுக்கும் இரண்டு அடிமைகளுக்கும் முதலில் அம்மை குத்தினார். மறுக்கும் உரிமை அம்மூவருள் எவருக்கும் இல்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. நகரம் கொதித்தெழுந்தது. நகரில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்த ஒரே மருத்துவர், ஆப்பிரிக்கர் சொல்லை நம்புவதா என்று எள்ளினார். மேதரின் வீட்டுக்குள் எறிகுண்டு வீசப்பட்டது, அது வெடிக்கவில்லை.

இவ்வழக்கைத் தீர்த்துவைத்தவை எண்களே. ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த நகரில் 5,900 பேர் அளவில் நோயுற்றனர். 844 பேர் இறந்தனர். பாயில்ஸ்டன் அம்மை குத்திய ஏறத்தாழ 240 பேரில் இறந்தவர் 6 பேர். நூற்றுக்கு 14 என்பது, நூற்றுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. நூல் கற்றவர் இகழ்ந்த ஒனேசிமுவின் சொல் உண்மையாயிற்று.

அம்மைப்பாலும் அதன் பின்னும்

இப்பழைய முறையில் குறை இல்லாமல் இல்லை. அம்மை குத்தப்பட்டவரிடமிருந்து மெய்யான பெரியம்மையே பிறருக்குப் பரவக்கூடும். குத்தப்பட்டவர் சிலரும் இறந்தனர். சிறுவயதில் இம்முறையில் அம்மை குத்தப்பட்டவரான எட்வர்டு ஜென்னர், 1796இல் தீங்கு குறைந்த பசுவம்மையைக் கொண்டு அதே பாதுகாப்பைத் தர இயலும் எனக் காட்டினார். அதுவே நம் நாட்டில் அம்மைப்பால் எனப்பட்டது. வங்கத்தில் மக்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. வழிபாடும் நோன்பும் இன்றி அயலார் ஒருவர் வந்து குத்திச் செல்வதை அவர்கள் நம்பவில்லை. கல்கத்தாவில் 1865இல் பழைய முறையைச் சட்டம் தடைசெய்தது. ஆயினும் புதிய அம்மைப்பாலைக் கொண்டுசேர்க்கப் பழைய டீக்காதார்களே பலரைப் பணியில் அமர்த்த வேண்டியிருந்தது. மக்கள் நம்பியது அவர்களது கையை.

இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு பெரியம்மை ஒழிந்தது. உலகில் இயற்கையாக அந்நோய் கண்ட கடைசி மனிதர் சோமாலியாவைச் சேர்ந்த அலி மாவ் மாலின் என்னும் மருத்துவமனைச் சமையற்காரர், ஆண்டு 1977. மருத்துவமனையில் பணியாற்றியும் ஊசி வலிக்கு அஞ்சி அவர் அம்மை குத்திக்கொள்ளாதிருந்தார். அவர் பிழைத்தார். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. பிற்காலத்தில் மாலின் இளம்பிள்ளை வாதத் தடுப்புப் பணியில் சேர்ந்தார். மருந்துக்குத் தயங்கிய பெற்றோரிடம், அன்று தாம் ஊசிக்கு அஞ்சிய கதையைச் சொல்லி வந்தார்.