முறை வைத்து வரும் காய்ச்சல்

வியாபாரச் சகோதரர்களே! யார் எந்தத் தேதியில் எவ்வளவு கடன் வாங்கினார் என்று கேட்டால், பற்றுவரவு நோட்டைப் புரட்டி உடனே சொல்லிவிடுவோம். பிள்ளைக்குக் கடைசியாகக் காய்ச்சல் வந்தது என்றைக்கு என்று டாக்டர் கேட்டால் விழிக்கிறோம். எமது சகோதரி மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று நாமும் விழித்தோம்.

பிள்ளைகளின் காய்ச்சல் பெரும்பாலும் கிருமியால் வருவது. சளி, இருமல் என்று ஏதாவது கூடவே தென்படும். ஆனால் கிருமியே இல்லாமல் உடம்பு தனக்குள் தீ மூட்டிக்கொள்ளும் அபூர்வமான பரம்பரை வியாதிகளும் உண்டு. அவற்றில் ஒன்று மத்தியதரைக் குடும்பக் காய்ச்சல். துருக்கியர், அர்மீனியர், அரபிகள், யூதர்களிடம் மிகுதி. இந்தியரிடம் மிக அரிது, ஆனாலும் கண்டிருக்கிறார்கள்.

திடீரென்று காய்ச்சல் ஏறும். வயிறு கல்லாக இறுகி வலிக்கும். சிலருக்கு நெஞ்சு குத்தும். முழங்காலோ கணுக்காலோ வீங்கும். ஒன்று முதல் மூன்று நாளில் தானே அடங்கிவிடும். பிள்ளை ஒன்றும் நடவாததுபோல் ஓடி விளையாடும். பின்னர் மறுபடியும் வரும். ஆன்டிபயாட்டிக் கேட்டது என்று நாம் நினைப்போம், கொடுக்காவிட்டாலும் போயிருக்கும்! குடல்வால் என்று எண்ணி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அந்நாடுகளில் அநேகர். சிறு குழந்தைக்குச் சில சமயம் காய்ச்சல் மட்டுமே வரும். ஆகவே ஏமாறுவது எளிது.

இதற்குக் காரணமான மரபணுவை 1997-ல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால்தான் நோய். அவர்களோ சுகமாகவே இருப்பார்கள். சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுப்பவர்கள் அந்த உறவை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். பெண்வீட்டார் மீது பழி போடவும் வேண்டாம், இருபுறமும் சமம்.

கவனியாது விட்டால் சிறுநீரகத்தில் ஒருவகைப் புரதம் படிந்து அதைக் கெடுத்துவிடும். 1972 முதல் இதற்குக் கொல்கிசின் என்னும் மருந்து வழங்குகிறது. தினமும் தவறாது உண்டால் பெரும்பாலோர்க்குக் காய்ச்சல் தணியும், சிறுநீரகமும் தப்பும். (தமிழ்நாட்டிலிருந்து விதை ஏற்றுமதியாகும் கண்வலிக்கிழங்குச் செடியிலும் அந்தச் சத்து உண்டு. அதற்காகக் கிழங்கை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், உயிர் போய்விடும்.)

காய்ச்சல் தொடங்கிய தேதி, எத்தனை டிகிரி, எத்தனை நாள், வலி எங்கே, தோலில் தடிப்பு உண்டா, கொடுத்த மருந்து என்ன: இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஒருமுறையும், விட்டபின் ஒருமுறையும் ரத்தம் சோதிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையென்றால் எழுதிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எமது சகோதரி இப்போது எழுதி வருகிறாள். ஆறு மாதத்தில் நான்கு முறை வந்திருக்கிறது. அடுத்த தடவை டாக்டரிடம் அந்த நோட்டோடுதான் போகிறோம்.